அணை நீரில் மீன் பெருக வேண்டுமானால்...

அந்தமானில் வாழும் நமக்கு மீன் என்றால் கடல் மீன்தான். ஆனால் மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் கரையேறிவிடும், மீன் விலையும் ஏறிவிடும். கராச்சர்மாவில் வசிக்கும் எனக்கு அப்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: நம் தீவிலும் ஒரு நீர்மின் அணை இருக்கிறதே, அதில் மீன் வளர்த்தால் என்ன?

திக்லிப்பூர் அருகே கல்போங் ஆற்றில் உள்ள அந்த அணையிலிருந்து 2001 முதல் மின்சாரம் கிடைக்கிறது. மின் நிலையத்தின் திறன் 5.25 மெகாவாட்.

அணை கட்டிய புதிதில் மூழ்கிய செடிகொடிகள் மக்கி நீருக்கு உரமாகும், மீன் செழிக்கும். சில ஆண்டுகளில் அந்தச் சத்து குறைந்துவிடும். மின்சாரத்திற்காக நீரைத் திறக்கும்போது மட்டம் இறங்கி, கரையோரம் இட்ட முட்டைகள் காய்ந்துபோகும். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகளோ ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய நீரில் இடா. ஆகவே குஞ்சுகளை நாம்தான் விட வேண்டும்.

எப்படி விடுவது? பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஆழியாறு அணை தெரிந்திருக்கும். நவமலை மின் நிலையத்தைச் சுழற்றிய நீர் வந்து சேரும் இடம் அது. அங்கே தொடக்கத்தில் கிடைத்த இனங்களையெல்லாம், சிறு குஞ்சுகளாக, கணக்கின்றி விட்டார்கள். பெரும்பாலானவை மற்ற மீன்களுக்கு இரையாயின. 1964-65இல் எக்டேருக்கு 1.67 கிலோதான் கிடைத்தது.

1985க்குப் பிறகு மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் யோசனைப்படி முறை மாறியது. பெருங்கெண்டைகளை மட்டும், விரல் நீளத்துக்கு, அதாவது 100 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த பின் விட்டார்கள். எக்டேருக்கு 235 முதல் 300 வரைதான். அதையும் ஒரே நாளில் கொட்டாமல் பல தவணைகளாக விட்டார்கள். வலைக்கண்ணின் அளவைக் கட்டுப்படுத்தி, ஒரு கிலோவுக்குக் குறைந்த கெண்டையைப் பிடிக்கத் தடை விதித்தார்கள். 1990இல் எக்டேருக்கு 194 கிலோ கிடைத்தது! குஞ்சின் எண்ணிக்கையைக் குறைத்து மீனைப் பெருக்கினார்கள் என்பதுதான் இதில் வியப்பு.

நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பெருங்கெண்டைகள் தீவின் பூர்வீக மீன்கள் அல்ல; பெருநிலத்து ஆறுகளிலிருந்து வந்தவை. நம் ஓடைகளுக்கென்று சொந்த மீன்கள் இருக்கின்றன. ஒருமுறை நீரில் விட்ட மீனைத் திரும்ப அழைக்க முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி அரசு தடைசெய்த மீன். எது வந்தாலும் அதை மட்டும் விடவே கூடாது.

ஆகவே யாரும் தாமாகக் குஞ்சு வாங்கி அணையிலோ ஓடையிலோ விட வேண்டாம். நம் கராச்சர்மாவிலேயே 1978இல் தொடங்கிய மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மீன்வளப் பிரிவும் அங்கு உண்டு. வீட்டுக் குளத்தில் மீன் வளர்க்க நினைப்பவர்கள்கூட முதலில் அங்கே ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குஞ்சைச் சற்றே பெரிதாக வளர்த்து, அளவோடு விட்டு, வளரும்வரை பொறுத்திருந்தால் பலன் நிச்சயம்.