கல்கத்தா கோப்பை

கல்கத்தா கோப்பை என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய அண்டை நாடுகளின் ரக்பி யூனியன் அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆட்டத்தில் வெற்றி பெறும் அணிக்கு வழங்கப்படும் வெள்ளிக் கிண்ணம் ஆகும். 1879ஆம் ஆண்டு முதல் இதற்கான ஆட்டங்கள் நடைபெற்று வருகின்றன. இரு நாடுகளின் ரக்பி அணிகளுக்கிடையே வழங்கப்படும் கோப்பைகளுள் இதுவே மிகப் பழமையானது. இக்கோப்பை செய்யப்பட்ட இடம் இந்தியா; செய்யப் பயன்பட்ட பொருள் இந்திய வெள்ளி ரூபாய் நாணயங்கள். மோதுவதற்கு எதிரணி இல்லாமல் கலைந்துபோன ஒரு கழகம், தன் இருப்புப் பணத்தைக் கொண்டு வேறு இரு அணிகளின் போட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டுச் சென்றது என்பதே இதன் வரலாறு.

கல்கத்தாவில் ரக்பி

1872ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) ஒரு ரக்பி ஆட்டம் நடைபெற்றது. ஒரு பக்கம் இங்கிலாந்தைச் சேர்ந்த 20 பேரும், மறு பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 20 பேரும் ஆடினர். அக்காலத்தில் ஓர் அணிக்கு 20 பேர் என்பதே வழக்கம். பன்னாட்டு ஆட்டங்களில் இவ்வெண்ணிக்கை 15 ஆகக் குறைக்கப்பட்டது 1877இல் தான். கல்கத்தா ஆட்டம் பெரும் வரவேற்பைப் பெற்றதால் ஒரு வாரத்திற்குள் மீண்டும் ஒருமுறை ஆடப்பட்டது. அந்த உற்சாகத்திலேயே 1873 சனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. கழகத்தில் 137 உறுப்பினர்கள் சேர்ந்தனர். 1874இல் இங்கிலாந்தின் ரக்பி கால்பந்து ஒன்றியத்திலும் அது உறுப்புக் கழகமாக இணைந்தது.

கழகத்தின் பெயரில் 'கால்பந்து' என்று இருப்பது இன்றைய வாசகருக்குக் குழப்பம் தரலாம். அக்காலத்தில் ரக்பியும் கால்பந்தின் ஒரு வகையாகவே கருதப்பட்டது. இன்று நாம் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் கொல்கத்தாவின் உயிர்மூச்சாக மாறியது அதற்குப் பிந்தைய கதை.

கழகம் நான்கைந்து ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. இதற்குக் காரணங்கள் பல. வங்காளத்தின் வெப்பமும் இறுகிய தரையும், ஓடி மோதி வீழ்த்தி ஆடும் இவ்வாட்டத்திற்கு ஏற்றவையல்ல. ஆட்டக்காரர்களில் பலர் படைவீரர்கள். அவர்களுடைய படைப்பிரிவு இடம் மாற்றப்பட்டபோது ஆட்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. டென்னிசும் போலோவும் ஐரோப்பியரிடையே செல்வாக்குப் பெற்றன. வெயில் நாட்டில் அவையே வசதியாக இருந்தன. கழகத்தில் இலவசமாக வழங்கப்பட்டு வந்த மது நிறுத்தப்பட்டதும் உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது என்ற செய்தியும் கழக வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, பக்கத்து ஊரில் சென்று மோதவோ, அவர்களைத் தம் ஊருக்கு அழைத்து மோதவோ இன்னொரு கழகம் இல்லை. தமக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும் ஆட்டம் எத்தனை நாள் சலிக்காமல் இருக்கும்?

நாணயங்கள் கோப்பையானது

கழகம் கலைக்கப்படும் நிலையில் வங்கியில் கொஞ்சம் பணம் எஞ்சியிருந்தது. அதை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. விருந்து வைத்துச் செலவிடுவது எளிதான வழி. அப்போது கழகத்தின் தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்தவர் ஜி. ஏ. ஜேம்ஸ் ராத்னி. (மூன்று பொறுப்பும் ஒருவரிடமே வந்து சேர்ந்திருந்தது கழகத்தின் நிலையைக் காட்டப் போதுமானது.) அவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். 1877 டிசம்பரில் ரக்பி கால்பந்து ஒன்றியத்திற்குக் கடிதம் எழுதி, எஞ்சிய பணத்தில் இந்திய வேலைப்பாடு கொண்ட ஒரு கோப்பையைச் செய்து அளிக்க முன்வந்தார். ரக்பி ஆட்டத்திற்கு நீடித்த நன்மை செய்ய இதுவே சிறந்த வழி என்பது அவர் கருத்து. 1878இல் ஒன்றியம் இதனை ஏற்றது. ஆண்டுதோறும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இக்கோப்பைக்காக ஆடும் என்றும், கோப்பை ஒன்றியத்தின் உடைமையாகவே இருக்கும் என்றும் முடிவாயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் நடத்திய, கழகங்களுக்கிடையேயான வெளியேற்றமுறைக் கோப்பைப் போட்டி (1871-72 பருவத்தில் தொடங்கியது) நன்கு வளர்ந்து வந்தது. ரக்பியினர் அவ்வழியில் செல்லவில்லை. கழகப் போட்டிக்கு இல்லாமல் நாடுகளுக்கிடையேயான ஒரே ஆட்டத்திற்கு என்று வைத்ததால்தான் இக்கோப்பையின் மதிப்பு நிலைத்தது எனலாம்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெள்ளி ரூபாய்களாக எடுக்கப்பட்டு உருக்கப்பட்டது. மொத்தம் 270 நாணயங்கள் எனக் கூறப்படுகிறது. அக்காலத்து ரூபாய் ஒரு தோலா எடை கொண்டது. அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு பிற உலோகம். இதன்படி 270 ரூபாயின் எடை மூன்று கிலோகிராமைச் சற்றே தாண்டும். பட்டுப் புடவைச் சரிகைக்கு வெள்ளியை நிறுத்துப் பழகிய காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் வாசகர்கள் இதன் அளவை எளிதில் உணரலாம். நாணயமே வெள்ளியாக இருந்த காலம் அது. பணத்தைப் பொருளாக்க அதை உருக்கினாலே போதுமானதாயிருந்தது.

அமைப்பு

கோப்பை சுமார் 45 சென்டிமீட்டர் உயரமுடையது. உடல் முழுவதும் நுண்ணிய செதுக்கு வேலை நிறைந்தது. பிடிகளாக மூன்று இராச நாகங்கள் வளைந்து நிற்கின்றன. குவிந்த மூடியின் உச்சியில் அம்பாரியுடன் கூடிய யானை ஒன்று உள்ளது. மரத்தாலான அடிப்பீடத்தில் ஒவ்வோர் ஆட்டத்தின் ஆண்டு, வென்ற நாடு, இரு அணித் தலைவர்களின் பெயர்கள் ஆகியன பொறிக்கப்படுகின்றன. இப்பட்டியல் 1871இலிருந்து தொடங்குகிறது. கோப்பையே பிறக்காத ஆண்டுகளும் இதில் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு மார்ச் 27ஆம் நாள் எடின்பரோவில் நடந்த முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து வென்றது.

முதல் ஆட்டமும் புள்ளி முறையும்

கோப்பைக்கான முதல் ஆட்டம் 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் நடைபெற்றுச் சமநிலையில் முடிந்தது. ஸ்காட்லாந்து ஒரு டிராப் கோலும் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைத்து அடிப்பது) இங்கிலாந்து ஒரு கோலும் பெற்றன. 1880இல் மான்செஸ்டரில் இங்கிலாந்து வென்று கோப்பையை முதன்முதலாகக் கைப்பற்றியது.

இன்றைய முறையில் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது 'டிரை' எனப்படும். அதற்கு 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். தண்டனை உதைக்கும் டிராப் கோலுக்கும் 3 புள்ளிகள். தொடக்கக் காலத்தில் புள்ளிகளே கிடையாது, கோல்களே எண்ணப்பட்டன. பந்தைப் பதித்தவருக்குக் கிடைத்தது கோலுக்கு 'முயன்று பார்க்கும்' உரிமை மட்டுமே. 'முயற்சி' எனப் பொருள்படும் 'டிரை' என்ற பெயர் அதனால் வந்தது.

1884ஆம் ஆண்டுத் தகராறு

அண்டை வீட்டாரின் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1884ஆம் ஆண்டு ஆட்டம் சான்று. ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னோக்கித் தட்ட, அதை எடுத்து இங்கிலாந்து டிரை அடித்தது. பின்னோக்கித் தட்டுவது விதிமீறல், ஆகவே அப்போதே ஆட்டம் நின்றிருக்க வேண்டும் என்றது ஸ்காட்லாந்து. தவறு செய்தது நீங்களே, உங்கள் தவறினால் நீங்களே பயனடைவதா என்று கேட்டது இங்கிலாந்து. இரண்டு வாதங்களிலும் நியாயம் உண்டு. விதிகளை வகுத்ததும், அவற்றிற்குப் பொருள் சொன்னதும், ஆட்டத்தில் ஒரு தரப்பாக இருந்ததும் இங்கிலாந்தின் ஒன்றியமே என்பதுதான் உண்மையான சிக்கல்.

1885இல் இரு நாடுகளும் ஆடவில்லை. 1886இல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகியன சேர்ந்து பன்னாட்டு ரக்பி வாரியத்தை அமைத்தன. இங்கிலாந்து அதில் சேர மறுத்ததால் 1888, 1889 ஆகிய ஆண்டுகளிலும் ஆட்டம் நடைபெறவில்லை. 1890இல் இங்கிலாந்து இணைந்த பின்னரே கோப்பை மீண்டும் களத்திற்கு வந்தது. இன்று உலக அளவில் ரக்பியை நிருவகிக்கும் 'வேர்ல்டு ரக்பி' அமைப்பு அந்த வாரியத்தின் வழிவந்ததாகும்.

தன் மண்ணில் ஆடுதல்

ஆட்டம் இரு நாடுகளிலும் மாறி மாறி நடத்தப்படுகிறது. இரட்டைப்படை ஆண்டுகளில் எடின்பரோவின் மர்ரேஃபீல்டு அரங்கிலும், ஒற்றைப்படை ஆண்டுகளில் இலண்டனின் டுவிக்கன்ஹாம் அரங்கிலும் (2024 முதல் அலயன்ஸ் அரங்கம் எனப்படுகிறது) நடைபெறுகிறது. தற்போது இது ஆறு நாடுகள் போட்டித் தொடரின் ஒரு பகுதி. சமநிலையில் முடிந்தால், கோப்பையை ஏற்கனவே வைத்திருக்கும் அணியே தொடர்ந்து வைத்துக்கொள்ளும்.

மர்ரேஃபீல்டு அரங்கு 1925 மார்ச்சில் இதே ஆட்டத்துடன் திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்து 14-11 என வென்றது. 1990இல் இரு அணிகளும் அவ்வாண்டின் மற்ற எல்லா ஆட்டங்களிலும் வென்றுவிட்டு அங்கு மோதின. இங்கிலாந்தே வலிமையானது எனக் கருதப்பட்ட நிலையில், ஸ்காட்லாந்துத் தலைவர் டேவிட் சோல் தன் அணியை ஓட்டமின்றி மெதுவாக நடத்திக் களத்திற்குள் அழைத்து வந்தார். ஸ்காட்லாந்து 13-7 என வென்றது. 2019இல் டுவிக்கன்ஹாமில் 31-0 என முன்னிலை பெற்றிருந்த இங்கிலாந்து, பின்னர் 31-38 எனப் பின்தங்கி, இறுதியில் 38-38 எனத் தப்பித்தது. கோப்பை ஸ்காட்லாந்திடமே நீடித்தது. 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகளும் ஸ்காட்லாந்தே வென்றது. 2025இல் இங்கிலாந்து 16-15 என மீட்டது. அவ்வாட்டத்தில் ஸ்காட்லாந்து மூன்று டிரைகளும் இங்கிலாந்து ஒன்றும் அடித்தன. ஆனால் மூன்று டிரைகளுக்குப் பிந்தைய உதைகளும் குறி தவறின. டிரையைவிட உதையே முடிவு செய்த பழைய காலத்தை இது நினைவூட்டியது.

1988ஆம் ஆண்டு நிகழ்வு

1988இல் இங்கிலாந்து எடின்பரோவில் 9-6 என வென்ற இரவில், இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்சும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் கோப்பையை வெளியே எடுத்துச் சென்று பிரின்சஸ் தெருவில் பந்தைப் போல் உதைத்து விளையாடினர். கோப்பை கடுமையாக நசுங்கியது. ரிச்சர்ட்சுக்கு ஓர் ஆட்டத்தில் ஆடத் தடையும், ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடையும் விதிக்கப்பட்டன. பழுது பார்க்கப்பட்ட போதிலும் மூலக் கோப்பை இன்று அடிக்கடி எடுத்துச் செல்லும் நிலையில் இல்லை. இரு நாடுகளிடமும் முழு அளவு நகல்கள் உள்ளன.

தெற்காசியாவில்

கல்கத்தாவில் ரக்பி 1884இல் மீண்டும் உயிர்பெற்றது. 1965இல் கால்பந்துக் கழகம், 1792 முதல் இயங்கிவந்த கல்கத்தா கிரிக்கெட் கழகத்துடன் இணைந்து கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்துக் கழகமானது. அங்கு இன்றும் ரக்பி ஆடப்படுகிறது. 1924இல் அனைத்திந்திய ரக்பிப் போட்டி தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1884இல் நிறுவப்பட்ட மதராஸ் ஜிம்கானா கழகம் இவ்வாட்டத்துடன் நெருங்கிய தொடர்புடையது.

கல்கத்தாவில் இல்லாமற்போன 'பக்கத்து எதிரணி' இலங்கையில் வாய்த்தது. கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1920 முதல் ரக்பியில் மோதி வருகின்றன. 1945இல் ரோயல் கல்லூரி அதிபர் இ. எல். பிராட்பி அளித்த பிராட்பி கேடயத்திற்காக ஆண்டுதோறும் கொழும்பில் ஓர் ஆட்டமும் கண்டிப் பக்கத்தில் ஓர் ஆட்டமும் நடத்தப்பட்டு, இரண்டின் புள்ளிகளும் கூட்டப்பட்டு வெற்றி முடிவு செய்யப்படுகிறது. இதனால் தன் மண்ணில் ஆடும் சாதகம் இரு அணிகளுக்கும் சமமாகிறது. ஆண்டுக்கு ஓர் ஆட்டம் மட்டுமே கொண்ட கல்கத்தா கோப்பையில் இந்த ஏற்பாடு இல்லை. தோற்ற அணி தன் மண்ணில் பழிதீர்க்க அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.