திகில் படங்களில் தொடக்கக் காட்சி

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அதற்குக் காரணம் என்றும் வகுத்துரைத்தார். இன்றைய திகில் படங்களிலும் பேயும் கொடுவிலங்கும் கொலைஞனுமே பெரும்பாலும் அச்சம் விளைக்கின்றனர். ஆயினும் இவற்றைத் திரையில் காட்டிவிட்டால் மட்டும் அச்சம் பிறந்துவிடாது. பேயைக் கண்டு கொட்டகையே சிரிப்பதும் உண்டு அன்றோ? கூப்பிட்டால் வருவார் எவருமில்லை என்ற எண்ணத்தை முதலில் நம் மனத்தில் ஊன்ற வேண்டும். நல்ல திகில் படத்தின் தொடக்கக் காட்சி செய்யும் வேலை இதுவே. அமெரிக்கப் படங்கள் மூன்றைக் கொண்டு இதனைக் காண்போம்.

தொலைவு தரும் தனிமை

ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'தி ஷைனிங்' 1980இல் வெளிவந்தது. இதன் தொடக்கத்தில் இருளும் இல்லை, பாழடைந்த மாளிகையும் இல்லை. பட்டப்பகல், கண்ணாடி போன்ற ஏரி, சுற்றிலும் மலைகள். மான்டானா மாநிலத்துப் பனியாற்றுத் தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்பட்ட காட்சி அது. மலைப்பாதையில் ஒரு மஞ்சள் நிற வோக்ஸ்வாகன் கார் எறும்புபோல் ஊர்ந்து செல்கிறது. உள்ளே இருப்பவர் யார் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. காமிரா அதனை உயரத்திலிருந்து தொடர்கிறது. ஓரிடத்தில் அதை நெருங்கி, சட்டென விலகி ஏரியின்மேல் பறந்துவிடுகிறது. மேலிருந்து நோக்கும் அந்தக் கண் யாருடையது என்ற ஐயம் நம்முள் எழுகிறது.

வென்டி கார்லோஸ், ரேச்சல் எல்கைண்ட் ஆகிய இருவர் அமைத்த இசையும் இதற்குத் துணைசெய்கிறது. இறந்தோருக்காகக் கத்தோலிக்கத் திருச்சபையில் பாடப்பட்ட பழைய இலத்தீன் பாடலின் மெட்டு, சின்தசைசர் கருவியில் கனத்து ஒலிக்கிறது. கண் காண்பது எழில். செவி கேட்பது சாவு. இவ்விரண்டும் ஒவ்வாமையே நம்மைக் கலங்கச் செய்கிறது. கார் செல்லச் செல்ல ஊரும் உறவும் பின்தங்கிவிடுகின்றன. இறுதியில் பனிமலை அடியில் ஒற்றை விடுதி தோன்றும்போது, இங்கிருந்து திரும்புவது எளிதன்று என்பது ஒரு சொல்லும் இன்றி விளங்கிவிடுகிறது.

அருகிருந்தும் உதவாமை

1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஜாஸ்' வேறு வழியை மேற்கொள்கிறது. கடற்கரையில் இளைஞர் கூட்டம் நெருப்பைச் சுற்றி அமர்ந்து களித்திருக்கிறது. அங்கிருந்து ஓடிவந்த ஒரு பெண் நீந்தப் போகிறாள். உடன் வந்த இளைஞனோ குடிமயக்கத்தில் கரையிலேயே சாய்ந்துவிடுகிறான். நீருக்கடியிலிருந்து காமிரா அவளை அண்ணாந்து நோக்குகிறது. ஜான் வில்லியம்ஸின் இசையில் இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலித்து நெருங்குகின்றன. அவள் இழுக்கப்படுகிறாள், அலறுகிறாள், மறைகிறாள். சுறாமீன் கண்ணில் படவே இல்லை. இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதானதால், படத்தின் பெரும்பகுதியில் அதனை மறைத்தே காட்ட நேர்ந்தது. அதுவே படத்துக்கு வலிமையாயிற்று.

ஆனால் சுறாவினும் நம்மை வருத்துவது கரையில் உறங்கும் அந்த இளைஞனே. உதவி சிறிது தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் செவி இல்லை.

பார்ப்பவரின் தனிமை

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' 1978இல் வந்தது. இங்கே ஆளரவமற்ற மலையோ கடலோ இல்லை. வீடுகள் நிறைந்த சிற்றூர்த் தெருதான். கொலைஞனின் கண்ணாகவே காமிரா இயங்குகிறது. அது சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறது, சமையலறையில் கத்தியை எடுக்கிறது, மாடிப்படி ஏறுகிறது. இடையில் வெட்டே இல்லாததுபோல் தோன்றும்படி எடுக்கப்பட்டதால், நாம் கண்ணை வேறுபக்கம் திருப்ப இயலவில்லை. அந்தப் பெண்ணை எச்சரிக்கவும் நமக்கு வழியில்லை. கொலை முடிந்து முகமூடி அகற்றப்படும்போது நிற்பவன் அவளுடைய ஆறு வயதுத் தம்பி! சொந்த வீடும் காவல் அன்று என்றால் வேறு எங்குதான் அடைக்கலம்?

முடிவுரை

மலையிலும் கடலிலும் வீட்டிலும் இம்மூவர் எழுப்பும் வினா ஒன்றே: 'உன் குரல் யாருக்கேனும் கேட்குமா?' படம் முடிந்து விளக்குகள் எரிந்த பின்னும் அவ்வினா நம்மை விடுவதில்லை. பேயை நம்பாதவரும் இத்தகைய படம் பார்த்த இரவில் துணை தேடுவது இதனால்தான். கதவு கிறீச்சிடுவதையும் கறுப்புப் பூனை பாய்வதையும் எவரும் படமாக்கிவிடலாம். துணையின் அருமையை உணரவைத்து அச்சுறுத்துவதே கலையாகும்.