வெறியைத் தணித்த உப்பு!

அவருக்கு வயது 51. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தார்.

ஐந்து ஆண்டுகளாக ஒரே கூச்சல். ஓயாத ஆட்டம். வாழ்நாள் முழுவதும் அவருக்கு ஆஸ்பத்திரிதான் என்ற நிலை.

1948 மார்ச் 29-ந் தேதி அவருக்கு ஓர் உப்பு கொடுத்தார்கள். சாப்பாட்டு உப்பு அல்ல. லித்தியம் என்ற உலோகத்தின் உப்பு.

கூச்சல் அடங்கியது. ஜூலையில் வீட்டுக்குப் போனார். பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார்!

சிறை மீண்ட டாக்டர்

உப்பைக் கொடுத்தவர், டாக்டர் ஜான் கேட். இரண்டாவது உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியானவர். சிங்கப்பூர் சாங்கி சிறை முகாமில் 3 ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர்.

ஊர் திரும்பியதும் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆராய்ச்சிக்கூடம் எது தெரியுமா? ஆஸ்பத்திரியில் பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் அறை!

கினிப்பன்றிகளுக்கு லித்தியம் ஊசி போட்டார். (பெயர்தான் பன்றி. அணில், எலி வகையைச் சேர்ந்த பிராணி.) தொட்டாலே துள்ளும் பிராணிகள், மல்லாக்கப் போட்டாலும் அசையாமல் கிடந்தன. பிறகு தாமே அந்த உப்பை விழுங்கிப் பார்த்தார். அதன் பிறகுதான் நோயாளிக்குக் கொடுத்தார்.

வெறி நோயாளிகள் பத்துப் பேர். பத்துப் பேரிடமும் குணம் தெரிந்தது. 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவப் பத்திரிகையில் இதை எழுதினார்.

ஆனால் நேரம் சரியில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் இதய நோயாளிகள் சிலர், சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பைச் சேர்த்துக்கொண்டு இறந்துபோனார்கள். லித்தியம் என்றாலே பயம் வந்துவிட்டது.

டென்மார்க் டாக்டர் மோகன்ஸ் ஸ்கௌ விடவில்லை. கேட் சொன்னது உண்மைதானா என்று சோதித்து, 1954-ல் முடிவை வெளியிட்டார். அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததோ 1970-ல்தான்!

வீட்டில் இருந்தே பார்க்கலாம்

கேட் எழுதிய கட்டுரையை இன்று நீங்களும் பார்க்கலாம்.

உலகத்து மருத்துவக் கட்டுரைகளுக்கு அட்டவணை போடும் வேலை அமெரிக்காவில் 1879-ல் தொடங்கியது. அப்போது தடித்தடிப் புத்தகங்கள். இன்று அதைத் தேசிய மருத்துவ நூலகம் "பப்மெட்" என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. 3½ கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் உண்டு. கட்டணம் இல்லை.

மாத்திரை அட்டையைப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர் தனியாக இருக்கும். அதையும் நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடவேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும்! மலைக்கவேண்டாம். பல ஆராய்ச்சிகளை அலசி எழுதிய கட்டுரைகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. சோதனை எலிக்கா, மனிதருக்கா? எத்தனை பேருக்கு? பணம் கொடுத்தது யார்? இந்த மூன்றையும் பாருங்கள்.

அச்சில் வராதவை

அச்சில் இருப்பதுதான் எல்லாம் என்று நினைக்கவும் கூடாது.

மனச்சோர்வுக்கான 12 மருந்துகள் பற்றி அமெரிக்க அரசிடம் பதிவான 74 சோதனைகளை, டாக்டர் எரிக் டர்னர் குழு ஆராய்ந்தது. 2008-ல் முடிவு வந்தது. மருந்துக்குச் சாதகமான சோதனைகள் 38. அவற்றில் 37 அச்சாகி இருந்தன. மற்ற 36 சோதனைகளில் 22 அச்சுக்கே வரவில்லை! 11 சோதனைகள், மருந்து பலித்தது போல எழுதப்பட்டிருந்தன.

ஆகவே, படித்ததை எழுதிக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ, நிறுத்தவோ வேண்டாம்.

அந்த 51 வயதுக்காரரும் நிறுத்திப் பார்த்தவர்தான். வீட்டுக்குப் போன ஆறு மாதத்தில் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இது கேட் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது.

அவருடைய முடிவு அதில் இல்லை. பின்னால் வந்த கட்டுரைகளில் தேடவேண்டும். அவர் 1950-ல் இறந்துவிட்டார். லித்தியம் உடம்பில் அளவு மீறி, விஷமாகிவிட்டது.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்று ரத்தத்தை எடுத்து அளவு பார்க்கிறார்கள். அவருக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை.