புகை இன்ஜினில், கோளாறு கியர்பாக்ஸில்

1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று. ஆக்சிலரேட்டரை மிதித்தால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை மண்டுகிறது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் வண்டி முழுக்க ஓர் உதறல். பார்த்தவர்களில் ஒருவர் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்பார். இன்னொருவர் ஹெட் கேஸ்கட் என்பார். இதை நம்பி நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்களும் உண்டு. கோளாறோ பெரும்பாலும் கியர்பாக்ஸின் பின்புறம் திருகியிருக்கும் ஒரு சின்னத் தகர டப்பிக்குள் இருக்கும். வேக்குவம் மாடுலேட்டர் என்று அதற்குப் பெயர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அது கிழிந்திருக்கும்.

இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சுவிசை அதிகம். நல்ல இன்ஜின் பாதரச அளவில் 18 அங்குலம் வரை காட்டும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அது குறையும். மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று இந்த உறிஞ்சுவிசையை மாடுலேட்டருக்குக் கொண்டுவருகிறது. அதற்கேற்ப சவ்வு அசைந்து ஒரு சிறு கம்பியைத் தள்ளும். இன்ஜின் மீது எவ்வளவு பாரம் என்பது கியர்பாக்ஸுக்குத் தெரிவது இப்படித்தான். வண்டியின் வேகத்தைச் சொல்வதற்குக் கவர்னர் இருக்கிறது. வெளிவரும் ஷாஃப்டோடு சுழலும் எடைகள்தான் அது. பாரத்தின் எண்ணெய் அழுத்தமும் வேகத்தின் எண்ணெய் அழுத்தமும் வால்வுக்குள் எதிரெதிராக மோதுகின்றன. வேகம் ஜெயிக்கும் கணத்தில் அடுத்த கியர் விழுகிறது. இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

சவ்வு கிழிந்தால் உறிஞ்சுவிசை அங்கே நிற்காது. டிரைவர் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்திருப்பதாகவே கியர்பாக்ஸ் எடுத்துக்கொண்டு, கியரைத் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாற்றும். உதறலுக்குக் காரணம் இதுதான். அதே குழாய் வழியாக இன்ஜின் டிரான்ஸ்மிஷன் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். புகை வருவது அதனால். தரையில் ஒரு சொட்டும் சிந்தாமலே ஆயில் குறைந்துகொண்டு வரும்.

சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். மாடுலேட்டரில் செருகியிருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றினால் போதும். உள்ளே சிவப்பு ஆயில் தெரிந்தால் சவ்வு போய்விட்டது. ஹோஸ் காய்ந்திருந்தால் அதிலேயே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடித்த ஹோஸும் இதே உதறலைத்தான் தரும்; ஆனால் ஆயில் புகை இருக்காது.

அந்தக் கால மஸ்டாங்கில் மாடுலேட்டர் மரை போட்டுத் திருகும் வகை. இடம் நெருக்கடி என்பதால் சாதாரண ஸ்பேனர் நுழையாது; மெல்லிய வாயுள்ள ஸ்பேனர் வேண்டும். கழற்றும்போது பின்னால் இருக்கும் அந்தச் சிறு கம்பி நழுவி, வடியும் ஆயிலோடு தட்டில் விழுந்துவிடும். பழைய ஆயிலோடு அதையும் கொட்டிவிட்டால், புது மாடுலேட்டர் போட்டும் கியர் சரியாக மாறாது. முதலில் கம்பியைத் தேடி எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர்களையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது.

வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை இது. பழைய ஆட்டோமேடிக் வண்டிகளுக்கு ‘கியர்பாக்ஸ் காலி’ என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றைப் பாராமல் பெட்டியை இறக்குவது காசையும் உழைப்பையும் வீணாக்கும்.

பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ், ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக். 1939இன் கடைசியில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்தது. மஸ்டாங்கில் இருப்பது ஃபோர்டின் சி4. 1964 மாடல் கார்களில் அறிமுகமான மூன்று கியர் பெட்டி. அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று அறிமுகமான மஸ்டாங், 1966 மார்ச்சுக்குள் தயாரிப்பில் 10 லட்சத்தைத் தொட்டது. சி4இன் உள்ளே இருப்பது ஹோவர்ட் சிம்ப்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த பற்சக்கர அமைப்பு. கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட்டிலும் அதுவே. ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்றது அந்நியமாக இருக்காது.

இனி வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை. சில வேளைகளில் கோளாறே இருக்காது. 1966 வரையிலான சி4இன் கியர் லீவர் அருகே இரண்டு புள்ளிகள் இருக்கும். பெரிய பச்சைப் புள்ளியில் வைத்தால் மூன்று கியரும் வரிசையாக வரும். சிறிய புள்ளியில் வைத்தால் வண்டி இரண்டாம் கியரிலேயே புறப்படும். வழுக்கும் சாலைக்கென்று வைத்த ஏற்பாடு அது. புதிதாக வாங்கியவர் சிறிய புள்ளியில் வைத்து ஓட்டிவிட்டு, வண்டிக்கு இழுவை இல்லை என்று வருந்துவார்.

அடுத்தது ஆயில். சமதளத்தில், சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய்விட்டுத்தான் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். ஃபோர்டில் லீவர் பார்க்கில் இருக்க வேண்டும், டார்க்ஃபிளைட்டில் நியூட்ரலில். மாதக்கணக்கில் நின்ற வண்டியில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் கீழே இறங்கி, இன்ஜினை ஓட்டாமல் பார்த்தால் அளவு மிகையாகத் தெரியும். அதை நம்பி ஆயிலை வடித்துவிடக் கூடாது.

நிறத்தையும் வாசனையையும் கவனிக்க வேண்டும். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பேறித் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன. பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு, ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் புகுந்ததற்கு அடையாளம். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டின் காகித லைனிங் ஊறிப் பெயர்ந்துவிடும். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது. அடித்தட்டைக் கழற்றும்போது மென்மையான சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை. உலோகத் துண்டுகள் கிடந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

இதற்குப் பிறகும் கியர் பிடிக்காமல் வழுக்கினால், எந்த கியரில் வழுக்குகிறது என்பதை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் மிகுந்த நிறைவு தரும் கட்டம் இதுதான். தாளும் பேனாவுமே பாதிப் பெட்டியைத் திறந்து காட்டிவிடும். சி4இல் முன்னோக்கிய மூன்று கியர்களுக்கும் ஃபார்வர்டு கிளட்ச் தேவை. ரிவர்ஸுக்கும் மூன்றாம் கியருக்கும் வேறொரு கிளட்ச் பொது. இரண்டாம் கியரில் டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது முன்பக்க பேண்டு. ரிவர்ஸிலும் லோவிலும் பிடிப்பது பின்பக்க பேண்டு. ஆகவே ரிவர்ஸ் மட்டும் வலுவில்லாமல், மூன்றாவது நன்றாக இருந்தால் சந்தேகம் பின்பக்க பேண்டு மேல். ரிவர்ஸ், மூன்றாவது இரண்டுமே வழுக்கினால் அவற்றுக்குப் பொதுவான கிளட்ச் போய்விட்டது. இரண்டாவது மட்டும் வழுக்கினால் முன்பக்க பேண்டைப் பார்க்கலாம்.

பேண்டுகளை முறுக்கும் திருகுகள் பெட்டியின் வெளியே, இரு பக்கமும் இருக்கின்றன. பூட்டு நட்டைக் கழற்றி, புது நட்டு போட்டு, டார்க் ரெஞ்சால் 10 அடி-பவுண்டு வரை திருகை இறுக்க வேண்டும். பிறகு முன்பக்கத் திருகை ஒன்றே முக்கால் சுற்றும், பின்பக்கத் திருகை மூன்று சுற்றும் தளர்த்தி, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்ட வேண்டும். கைக்கணக்கில் செய்யக் கூடாது. அதிகம் இறுகினால் பேண்டு எப்போதும் உரசிக்கொண்டே இருந்து எரிந்துவிடும்.

வண்டிக்கு அடியில் படுக்கிறவர் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டு போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். லீவர் பார்க்கில் இருக்கிறது என்பதும் காவல் ஆகாது. பார்க்கிலிருந்து தானாக ரிவர்ஸுக்கு நழுவுவதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து, 1980இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையோடு செய்த உடன்பாட்டின்படி ஃபோர்டு 2 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்ப நேர்ந்தது.

கிளட்ச்தான் போயிருக்கிறது என்று உறுதியானால் பெட்டியை இறக்காமல் தீராது. சி4 அலுமினியப் பெட்டி. சுமார் 50 கிலோ. டிரான்ஸ்மிஷன் ஜாக்கியும் உதவிக்கு இன்னொருவரும் வேண்டும். பிரித்துச் சேர்க்கும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டாலும், திரும்ப மாட்டும்போது உரிமையாளர் ஒன்றைக் கவனித்தே ஆக வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் பம்புக்குள் முழுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியும் இன்ஜினும் கையால் தள்ளினாலே ஒட்டி நின்று, கன்வெர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும். நடுவில் இடைவெளி தெரிகிறதே என்று போல்ட்டுகளை முறுக்கி இழுத்தால், இன்ஜினைத் திருப்புவதற்கு முன்பே புதிதாகக் கட்டிய பெட்டியின் பம்ப் உடைந்துவிடும்.