ஐந்து பவுனுக்குப் போன புலிக் கதை

குழந்தைகளுக்கென்று முன்னோர் எழுதி வைத்த புத்தகங்களில் ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் சொற்களும் சித்திரங்களும் இருக்கக் கண்டால், அவற்றைத் திருத்தி வெளியிடலாமா, வெளியிடாமலே நிறுத்திவிடலாமா, உள்ளது உள்ளபடியே விட்டுவிட வேண்டுமா என்ற விவாதம், குழந்தைக் கதாசிரியர் ரோல்டு டாலின் நூல்களில் பஃபின் பதிப்பகத்தார் நூற்றுக்கணக்கான மாற்றங்களைச் செய்திருப்பது 2023 பிப்ரவரியில் வெளிப்பட்டதிலிருந்து உரத்த குரலில் நடந்து வருகிறது. எல்லாக் கட்சியாரும் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று இதில் உண்டு. அதை விளக்குவதற்கு, நம் கொடைக்கானல் மலையோடு சம்பந்தப்பட்ட ஒரு சிறு புத்தகத்தின் சரித்திரத்தைக் காட்டிலும் தக்கது வேறில்லை.

எடின்பரோவில் 1862இல் பிறந்த ஹெலன் பானர்மன், இந்திய மருத்துவப் பணியிலிருந்த ஒரு டாக்டரை மணந்து, சுமார் முப்பது ஆண்டுகளை இந்தியாவில் கழித்தவர். வெயிலுக்கு அஞ்சித் தம் பெண் குழந்தைகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டு, அம்மலைக்கும் சென்னைக்கும் இடையே செய்த நீண்ட ரயில் பிரயாணத்தில், அக்குழந்தைகளை மகிழ்விப்பதற்காக அவர் புனைந்து, படமும் தாமே வரைந்த கதைதான் ‘லிட்டில் பிளாக் சாம்போ’. தாய் தைத்துக் கொடுத்த சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும், தந்தை பஜாரிலிருந்து வாங்கி வந்த பச்சைக் குடையும் ஊதா நிறச் சப்பாத்தும் அணிந்து காட்டுக்குள் உலாவப் போகும் சிறுவன், தன்னைத் தின்ன வந்த புலிகளுக்கு அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து உயிர் தப்புகிறான். சப்பாத்தைக் காதுகளில் மாட்டிக்கொண்ட புலியும், வாலால் குடை பிடித்த புலியும், மற்றவையும், தங்களில் யார் அழகர் என்று பொறாமை கொண்டு சண்டையிட்டு, ஒன்றன் வாலை ஒன்று கவ்வி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் நெய்யாய் உருகிவிடுகின்றன. அந்த நெய்யைத் தந்தை பித்தளைப் பானையில் அள்ளி வர, தாய் அதில் அப்பம் சுட, பையன் 169 அப்பங்களைத் தின்று தீர்க்கிறான். நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட ரசமான கதை கிடைப்பது அரிது. கறுப்பு நிறச் சிறுவன் ஒருவன் தன் புத்தியினால் ஜயிக்கும் கதை அக்காலத்து ஆங்கிலத்தில் அதனினும் அரிது.

ஆயினும் அதில் குற்றம் இல்லாமலில்லை. சாம்போ என்பது கறுப்பினத்தாரை இகழ்ந்து அழைக்கும் பெயராக அதற்கு முன்பே வழங்கிவந்தது. பானர்மன் அம்மையார் வரைந்த படங்களிலும் முகங்கள் பரிகாசச் சித்திரங்களின் சாயலையே கொண்டிருந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால், நூல் தன் காலத்தின் குறையைச் சுமந்த கதைகளுள் ஒன்றாகவே இருந்திருக்கும். அப்படி நிற்காமற் போனதற்குக் காரணம் ஒரு வியாபார ஒப்பந்தம். சிநேகிதி ஒருவர் மூலமாக லண்டனுக்குப் போன கையெழுத்துப் பிரதியை, கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளர், பதிப்புரிமை முழுவதையும் சேர்த்து ஐந்து பவுனுக்கு வாங்கி 1899இல் வெளியிட்டார். அதன் பின், தம் கதையை யார் எப்படி அச்சிட்டாலும் தடுக்கும் பாத்தியதை ஆசிரியைக்கு இல்லாமற் போயிற்று. அமெரிக்காவில் பதிப்பாளர் பலரும் தத்தம் சித்திரக்காரர்களைக் கொண்டு, புலியும் நெய்யும் பஜாரும் நிறைந்த இந்தியக் கதையைத் தென்மாநிலத் தோட்ட அடிமைகளின் குடிசைக்கும் ஆப்பிரிக்கக் காட்டுக்கும் பெயர்த்து, மூலத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு குரூரமான முகங்களைத் தீட்டி விற்றார்கள். வெள்ளைக் குழந்தைக்கு வேடிக்கையாயிருக்கும் இப்புத்தகம், ஏற்கெனவே புண்பட்ட கறுப்புக் குழந்தைக்கு மேலும் ஒரு வசைச் சொல்லாகவே போய்ச் சேரும் என்று கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932இல் ஆக்ஷேபித்தார். ஜப்பானில் இவாநாமி பதிப்பகம் 1953 முதல் வெளியிட்டு, எதிர்ப்பினால் 1988இல் நிறுத்திக்கொண்ட பிரதியும், அமெரிக்கச் சித்திரக்காரர் ஒருவரின் படங்களைக் கொண்டதேயன்றி ஆசிரியையின் படங்களைக் கொண்டதன்று.

இந்தச் சரித்திரத்திலிருந்து என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் இதுதான்: பழைய புத்தகம் ஒன்று மாறாமல் இருந்துவந்தது போலவும், இன்றுதான் அதன்மேல் கை வைக்கிறார்கள் போலவும் எண்ணுவது தவறு. குழந்தை நூல்கள் எப்போதும் மாற்றப்பட்டே வந்திருக்கின்றன. மாற்றியவர் யார், யாருடைய பெயரில், வாசகருக்குச் சொல்லியா சொல்லாமலா என்பதுதான் கேள்வி.

ஆசிரியர் உயிரோடிருந்து தாமே செய்யும் திருத்தத்தில் வழக்கு எழ இடமில்லை. லாரா இங்கல்ஸ் வைல்டர் என்ற எழுத்தாளரின் குழந்தை நூலொன்றில், பூர்வகுடிகளை மனிதரென்றே கணக்கில் கொள்ளாதது போன்ற ஒரு வாக்கியத்தை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின், ஆசிரியையின் சம்மதத்தோடு அது 1953ஆம் வருடப் பதிப்பில் மாற்றப்பட்டது. ரோல்டு டாலும், சாக்லெட் தொழிற்சாலைக் கதையில் ஆப்பிரிக்கக் குள்ளர்களாகத் தாம் 1964இல் வருணித்த வேலையாட்களைக் கண்டனங்களுக்குப் பின் 1970களில் வேறு உருவத்தினராக ஆக்கினார்.

டால் 1990இல் மறைந்தார்; 2023இல் வெளிப்பட்ட மாற்றங்கள் அவர் அறியாதவை. அவரது ‘மட்டில்டா’ என்ற கதையில், சிறுமி தன் வாசிப்பின் வழியே கிப்ளிங்கோடு இந்தியாவுக்குப் போனாள் என்றிருந்தது, ஸ்டைன்பெக்கோடு கலிபோர்னியாவுக்குப் போனாள் என்று ஆயிற்று. ஒரு குழந்தையை அவமதிக்கும் சொல்லை நீக்கியதை நான் விளங்கிக்கொள்வேன். ஒரு சிறுமியின் புத்தக அலமாரியை ஆசிரியர் இறந்த பின் மாற்றி அடுக்குவதற்கு என்ன நியாயம் உண்டு? மொழியை அவ்வப்போது பரிசீலிக்கிறோம் என்ற பொதுவான அறிவிப்பு நூலில் இருந்ததேயன்றி, எது மாறியது என்று சொல்லும் பக்கம் இல்லை. எதிர்ப்புக்குப் பின், மூல வடிவிலும் 17 நூல்களை வெளியிடுவதாகப் பதிப்பகத்தார் அறிவித்தார்கள்.

இதற்கு நேர்மாறாக, மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் வரும் வசைச் சொல்லை ‘அடிமை’ என்று மாற்றிய பேராசிரியர் ஆலன் கிரிப்பன், 2011இல் அதைத் தம் பெயரிலேயே, காரணம் கூறும் முன்னுரையோடு வெளியிட்டார். அவர் செய்தது தவறென்றே நினைக்கிறேன். ஏனெனில் அந்தச் சொல்லை வாய் கூசாமல் வழங்கிய சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதே அந்நாவலின் நோக்கம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மாணவனுக்கு ஆசிரியர் பக்கத்திலிருந்து அதை விளக்க முடியும். ஆயினும், மறைக்காமல் செய்தபடியால், அவரோடு வாதிட நமக்கு வழியிருக்கிறது.

நான்கு வயதுக் குழந்தையிடம் முன்னுரை பலிக்காது. படம் நேரே உள்ளே போய்விடும். ஆகையால் சாம்போவின் பழம்பதிப்புகள் நூலகத்தில் ஆராய்ச்சியாளருக்கான பகுதியில் பத்திரமாக இருப்பதும், குழந்தைகள் கையெட்டும் தட்டில் இல்லாதிருப்பதும் தடை விதிப்பதாகாது. அக்குழந்தைக்குக் கதை இல்லாமற் போகவும் வேண்டாம். 1996இல் ஃபிரெட் மார்சிலினோ, வாசகத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்களைப் பாபாஜி, மாமாஜி, பாப்பாஜி என்று மாற்றி, சித்திரங்களில் கதையை அதன் பிறப்பிடமான இந்தியாவுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். அதே வருடத்தில் ஜூலியஸ் லெஸ்டர் என்ற எழுத்தாளரும் ஜெரி பிங்க்னி என்ற ஓவியரும், இருவரும் கறுப்பினத்தவர், ‘சாம் அண்ட் த டைகர்ஸ்’ என்ற பெயரில் அதே புலிகளைத் தம் மக்களின் கதை சொல்லும் முறையில் புதிதாய்ப் படைத்தார்கள். தம் பெயரைப் போட்டுத் தம் கதையென்று சொல்லி, மூலம் எதுவென்பதையும் மறைக்காத இந்த வழியையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன்.

பானர்மன் 1946இல் காலமானபடியால், அவர் கதை இன்று இந்தியாவிலும் பிரிட்டனிலும் பொதுச் சொத்து. டாலின் எழுத்துகள் பிரிட்டனில் 2060 முடியவும், இந்தியாவில் 2050 முடியவும் உரிமையாளரின் கையில்தான் இருக்கும். அதுவரை வெளிவரும் ஒவ்வொரு திருத்திய பதிப்பிலும், மாறிய சொற்களையும் மாற்றியவர் பெயரையும் தெரிவிக்கும் ஒரு பக்கத்தை, விலை கொடுத்து வாங்கும் பெற்றோரும் நூலகத்தாரும் பதிப்பாளரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.