மூலிகைத் தேநீரை ஏன் மூடிவைக்க வேண்டும்?

துளசி இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். இலேசாக இருந்த மணம் உடனே மூக்கைத் துளைக்கும். இம்மணம் இதுவரை எங்கே இருந்தது?

நுண்ணோக்கியில் பார்த்தால், துளசி இலையின் மேல்தோலில் மிகச் சிறிய சுரப்பிகள் தெரியும். எளிதில் ஆவியாகும் எண்ணெய் அவற்றில் சேர்ந்திருக்கிறது. இலையைக் கசக்கியதும் சுரப்பிகள் உடைந்து எண்ணெய் வெளிவருகிறது. பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சணங்களிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடிக்கு இது உதவுகிறது.

துளசி வகைகள் பலவற்றில் இருப்பது யூஜினால். கிராம்பின் மணத்துக்கும் இதுவே காரணம். கற்பூரவல்லியில் கார்வக்ரால், தைமால் ஆகியவை உண்டு. ஓமத்தின் மணம் தைமாலால் ஆனது. கற்பூரவல்லியை மக்கள் ஓமவல்லி என்றும் அழைப்பது எவ்வளவு பொருத்தம், பார்த்தீர்களா!

தொட்டியில் வளர்த்தல்

அடியில் துளையுள்ள தொட்டி ஒன்றில் செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். கற்பூரவல்லிக்கு விதை தேடவேண்டாம். ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்குமாறு நட்டால் வேர்விடும். தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். துளசியை விதையிலிருந்து வளர்க்கலாம். அதற்கு நல்ல வெயில் வேண்டும். பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி மேலும் கிளைத்து இலைகளைத் தரும். பறித்துப் பருகும் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளிக்கக்கூடாது.

தயாரிக்கும் முறை

தேயிலை சேராததால் இதைத் தேநீர் என்பது வழக்கு பற்றியே. துளசி இலை எட்டு, பத்து அல்லது கற்பூரவல்லி இலை இரண்டைக் கழுவிக் கிள்ளிப் போட்டு, ஒரு தம்ளர் கொதிநீரை ஊற்றி, உடனே மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருங்கள்.

மூடி எதற்கு? யூஜினாலின் கொதிநிலை ஏறத்தாழ 254° செ. நீரோ 100° செ. வெப்பத்தில் கொதிக்கிறது. அப்படியானால் எண்ணெய் நீரிலேயே தங்கிவிட வேண்டுமல்லவா? அதுதான் இல்லை. ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்கள் சேர்ந்து சூடேறும்போது இரண்டின் ஆவியழுத்தங்களும் கூடுகின்றன. கூட்டுத்தொகை காற்றழுத்தத்துக்குச் சமமானதும் கலவை கொதிக்கிறது. எனவே 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எண்ணெயும் நீராவியோடு புறப்பட்டுவிடுகிறது. நறுமணத் தைலங்களை வடித்தெடுப்பதும் இந்த முறையில்தான்.

சோதித்துப் பாருங்கள். இரு தம்ளர்களில் ஒரே அளவு இலையும் கொதிநீரும் எடுத்து, ஒன்றை மட்டும் மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து மூடியின் உட்புறத் துளிகளை முகருங்கள். திறந்த தம்ளர் இழந்தது எது என்பது புரியும். அத்துளிகளைத் தம்ளரிலேயே வழித்து விடுங்கள்.

சுக்கு, அதிமதுரம் போன்ற கடினப் பொருள்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் சாரம் மெல்லவே இறங்கும். அதனால்தான் அவற்றைச் சுண்டக் காய்ச்சிக் குடிநீராக்குகிறார்கள்.

பயனும் எல்லையும்

சூடான இப்பானம் தொண்டைக்கு இதமளிக்கும், சளியை இளக்கும். சோதனைச்சாலையில் கார்வக்ரால் பல நுண்ணுயிர்களை அழிப்பதும் உண்மையே. ஆனால் அங்கே பயன்படும் அளவு வேறு, ஒரு தம்ளரில் இறங்கும் அளவு வேறு. எனவே டெங்கு, நிமோனியா போன்ற நோய்களை இது போக்கும் என்று எண்ணி நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை. கைக்குழந்தைகளுக்கு இதைத் தரவேண்டாம். கருவுற்ற பெண்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்டபின்பே பருக வேண்டும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் மூலிகையும் இருக்கும்; அரளி போன்ற நச்சுச் செடியும் இருக்கும். ஐயமறத் தெரிந்த செடியின் இலையை மட்டுமே தம்ளரில் இடுங்கள்.