அவசரமாக மெலிந்தால் உடம்பு என்னவாகும்?

2025 ஜூலையில், நெல்லைக்குப் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில், குளச்சல் அருகே 17 வயது இளைஞர் ஒருவர் திடீரென மூச்சுத் திணறி இறந்தார். எடையைக் குறைப்பதற்காக இணையக் காணொலி ஒன்றைப் பார்த்து, மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்துவந்தார் என்று குடும்பத்தார் சொன்னதை நாளிதழ்கள் எழுதின. அதே ஆண்டு மார்ச்சில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவர், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் உணவை ஒதுக்கி, மருத்துவமனையில் உயிரிழந்தார்.

நெல்லை மாவட்டத்துக் களக்காடு, ஏத்தன் வாழைத்தார்கள் லாரியேறிக் கேரளம் போகும் ஊர். பச்சையாற்றுப் பாசனத்தில் வாழையும் நெல்லும் விளையும் மண். அந்த ஊரில் இருக்கும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் அதே காணொலிகள்தான் ஓடுகின்றன. ‘மாதம் பத்துக் கிலோ’, ‘பத்தே நாளில் தொப்பை காலி’ என்ற வாக்குறுதிகள் ஊர் பார்த்து வருவதில்லை. கல்யாணத் தேதி குறித்ததும் சாப்பாட்டை நிறுத்தும் பெண்களும், காவலர் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் பட்டினி கிடக்கும் பையன்களும் எல்லா ஊரிலும் உண்டு.

எடை குறைய வேண்டிய தேவை இல்லாமல் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள். சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் பெரும்பாலும் இந்த எடையைத் தொட்டே வருகின்றன. ஆகவே மெலிவது நல்லது. யாரையும் கேட்காமல், எதையும் அளக்காமல், அவசர அவசரமாக மெலிவதுதான் ஆபத்து.

பத்துக் கிலோ கணக்கு

முதலில் ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000. அதை 30 நாளில் முடிக்க, தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை விழ வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கில், உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணின் ஒரு நாள் தேவை 1,660 கலோரி. 65 கிலோ ஆணுக்கு 2,110. எடை மிகுந்தவருக்கு இது கொஞ்சம் கூடும். அப்படியே வைத்துக்கொண்டாலும், பெரும்பாலோர் மாதம் முழுக்க ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் இருந்தாலும் பத்துக் கிலோ கொழுப்பு கரையாது.

பிறகு எடைக்கருவி காட்டும் குறைவு எங்கிருந்து வருகிறது? முதல் வாரத்தில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் அரைக் கிலோ அளவுக்கு ‘கிளைக்கோஜன்’ என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோறும் இட்லியும் நின்றவுடன் அந்தச் சேமிப்பு தீர்கிறது. தண்ணீர் சிறுநீராக வெளியேறுகிறது. இரண்டு கிலோ குறைந்ததாகத் தோன்றும். பழையபடி சாப்பிட்ட இரண்டாம் நாள் அந்த இரண்டு கிலோவும் திரும்பிவிடும்.

தண்ணீருக்கு அடுத்துக் குறைவது தசை. புரதம் போதாதபோது உடம்பு தன் தசையையே உடைத்து எரிக்கிறது. பொதுவாகக் குறையும் எடையில் நான்கில் ஒரு பங்கு தசை முதலான கொழுப்பல்லாத திசுக்கள். பட்டினியிலும் உடற்பயிற்சி இல்லாத மெலிவிலும் அந்தப் பங்கு இன்னும் ஏறும். இது நமக்குக் கூடுதல் கேடு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் இந்தியர் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதைப் புணே மருத்துவர் யாஜ்னிக்கின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருக்கிற கொஞ்சத் தசையையும் இழந்தால், மெலிந்த பிறகு எந்நேரமும் சடவுதான் மிஞ்சும். இதயமும் தசைதான் என்பதை மறக்கக் கூடாது.

பித்தப்பையில் கல்

அவசர மெலிவின் உறுதியான, நன்றாக ஆராயப்பட்ட பின்விளைவு பித்தப்பைக் கல். கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் அதிகக் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் கொட்டுகிறது. சாதாரணமாக, உணவில் எண்ணெயோ நெய்யோ வந்தால் பித்தப்பை சுருங்கி அந்த நீரை வெளியேற்றும். எண்ணெயே இல்லாமல் சாறு மட்டும் குடிப்பவருக்குப் பித்தப்பை சுருங்க வேலை இல்லை. தேங்கிய பித்தநீரில் கொலஸ்ட்ரால் படிந்து கல்லாகிறது. நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே சாப்பிட்டு மெலிந்தவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேருக்குச் சில மாதங்களிலேயே கல் தோன்றியதை ஆய்வுகள் கண்டன. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறையும்போது இந்த அபாயம் ஏறுகிறது.

பலருக்குக் கல் இருப்பதே தெரியாது. தெரியும்போது வலது விலாவுக்குக் கீழ் பிடித்திழுக்கும் வலி, வாந்தி, சிலருக்கு மஞ்சள் காமாலை. தினம் ஒரு வேளையாவது இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் அளவுக்குக் கொழுப்பு சேர்த்தால் பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கும். எண்ணெயை அறவே ஒதுக்கும் உணவுமுறை இந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறது.

இதயம் தடுமாறிய கதை

1976-ல் அமெரிக்காவில் ராபர்ட் லின் என்ற மருத்துவர் எடைகுறைப்பு நூல் ஒன்றை எழுதினார். மாட்டுத்தோல், தசைநாண் ஆகியவற்றிலிருந்து எடுத்த திரவப் புரதத்தைக் குடித்து, வேறெதுவும் உண்ணாமல் இருப்பதே அதன் வழி. லட்சக்கணக்கானோர் பின்பற்றினர். 1977, 1978 ஆண்டுகளில் சுமார் 60 மரணங்கள் பதிவாகின. அவர்களில் 17 பேரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 1979-ல் வெளிவந்தது. பெரும்பாலோர் பெண்கள். பல மாதங்களில் மிகப் பெரிய எடையைக் குறைத்தவர்கள். இதயத்தின் மின்னோட்டம் சீர்குலைந்து, துடிப்பு தாறுமாறாகி இறந்திருந்தார்கள்.

இதயம் சீராகத் துடிக்கப் பொட்டாசியமும் மக்னீசியமும் ரத்தத்தில் மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். பட்டினி, பேதி மருந்து, சிறுநீர் கூட்டும் மாத்திரை மூன்றும் சேர்ந்தால் அந்த எல்லை உடைகிறது. வெளியே அறிகுறி தெரியாமலே போகலாம். ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

நீண்ட பட்டினியை முடிக்கும் விதத்திலும் ஆபத்து உண்டு. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவர் திடீரென வயிறுமுட்டச் சாப்பிட்டால், இன்சுலின் சட்டென்று சுரந்து, ரத்தத்தில் இருக்கும் கொஞ்சப் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. மூச்சுத் தசையும் இதயமும் அப்போது தளர்ந்துபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளில் சிலர் வயிறார உண்டபின் இறந்தபோதுதான் மருத்துவ உலகம் இதைத் தெளிவாகக் கண்டுகொண்டது.

உடம்பு மடையைச் சுருக்கும்

ஆற்றில் வரத்துக் குறைந்தால் நம் ஊர்க் குளங்களில் மடையைச் சுருக்கி, முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். உணவு வரத்துக் குறையும்போது உடம்பும் அதையே செய்கிறது. 1945-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்தார். உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு போனது. நாடித்துடிப்பு தாழ்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது, சிரிப்பு போய் எரிச்சல் வந்தது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. இத்தனைக்கும் அவர்கள் தினமும் சுமார் 1,570 கலோரி உண்டார்கள். இன்றைய பல காணொலிகள் அதில் பாதியைக்கூட அனுமதிப்பதில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை, ஆறு ஆண்டு கழித்து ஆய்வாளர் கெவின் ஹால் பரிசோதித்தார். 2016-ல் வெளியான முடிவின்படி, சராசரியாக 41 கிலோ திரும்பி ஏறியிருந்தது. அவர்களின் உடம்போ, அந்த எடைக்குரிய அளவைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே இன்னும் செலவழித்துக்கொண்டிருந்தது. மெலிந்தவர் மறுபடி பெருப்பதை மனவுறுதிக் குறைவு என்று ஏசுவது நியாயமில்லை.

பட்டினி நீண்டால் மூளை, கருத்தரிப்புக்கான ஹார்மோன்களையும் அடக்கிவிடுகிறது, மாதவிடாய் நின்றுபோகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்கிறது. கல்யாணத்துக்காக மெலியும் பெண்ணுக்கு அந்த உதிர்வு கல்யாண நாளையொட்டியே வந்து சேரலாம்.

‘இயற்கை’ மாத்திரை

கொடம்புளி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரம். தெற்கே மீன்குழம்புக்கு அதுதான் புளி. அளவாகக் குழம்பில் போட்டால் ஒன்றும் செய்யாது. அதன் சாற்றைச் செறிவாக்கி, ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று மாத்திரையாக விற்கிறார்கள். 1998-ல் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது, வெற்று மாத்திரை தின்றவர்களைவிடக் கொடம்புளி மாத்திரை தின்றவர்கள் அதிகமாக மெலியவில்லை. 2009-ல், கொடம்புளிச் சாறும் வேறு பல பொருள்களும் கலந்து விற்ற ஓர் எடைகுறைப்பு மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 23 புகார்கள் வந்து, அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது. அந்தச் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. காட்டில் விளைந்தது என்பதாலேயே மாத்திரை பாதுகாப்பாகிவிடாது.

2025 முதல் இந்தியாவில் கிடைக்கும் மவுஞ்சாரோ, வெகோவி போன்ற ஊசிகள் உண்மையிலேயே எடையைக் குறைப்பவை. அவற்றிலும் தசை இழப்பும் பித்தப்பைத் தொல்லையும் உண்டு. மருத்துவர் சீட்டும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் தொடக் கூடாதவை.

வேகம் எப்போது சரி?

வேகமான மெலிவு எல்லாமே தவறா? இல்லை. பிரிட்டனில் நடந்த ஆய்வொன்றில் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் தினமும் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 2017-ல் இந்த முடிவு வெளியானது. அவர்கள் குடித்தது சத்துகள் அளந்து சேர்த்த உணவு. முதல் நாளே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை மருத்துவர்கள் நிறுத்தியிருந்தார்கள். பரிசோதனைகள் தொடர்ந்தன.

இந்த ஏற்பாட்டில் ஒன்றும் இல்லாமல் வீட்டில் செய்பவர் நிலை வேறு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை போடுபவர் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுபவர் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்துதான். மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிய பிறகே உணவை மாற்ற வேண்டும்.

நம் இலையிலேயே வழி இருக்கிறது

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, வாரம் அரைக் கிலோ குறைவது பாதுகாப்பு என்கிறது. எடைகுறைப்பு உணவு 1,000 கலோரிக்குக் கீழ் போகக் கூடாது என்றும் சொல்கிறது. மாதம் இரண்டு கிலோ. ஆறு மாதத்தில் 12. இந்த வேகம் போதும்: மொத்த எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இறங்கத் தொடங்கும்.

அதற்குச் சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, உளுந்து, முட்டை, மீன், கீரை, அவியல் ஆகியவற்றைக் கூட்டுங்கள். பொரித்த ஏத்தங்காய்ச் சிப்சுக்குப் பதில் அவித்த ஏத்தன் பழம் ஒன்று சாப்பிடலாம். அதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயாளிகள் மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். இனிப்புப் போட்ட காபி, டீயின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தினமும் நடங்கள்; வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள்.

தொடங்கும் முன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், செலவில்லை. இடையில் மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, விலாவுக்குக் கீழ் வலி, கண்ணில் மஞ்சள், மாதவிடாய் நிற்றல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வளர்கிற பிள்ளையை ‘குண்டு’ என்று கேலி செய்வதை வீட்டில் நிறுத்துங்கள். பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினால் ‘நல்லதுதான்’ என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பல ஆண்டுகளில் ஏறிய எடை இறங்கச் சில மாதங்கள் ஆகட்டும்.